பின்கதவுக்குக் கீழே படிகள்

கொருக்குப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கீர்த்தி அப்பாவுக்கு,

ரமா எழுதுவது. ஜெய்பீம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் ஆணியடித்து மூடிய பின்கதவைத் திறந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. உங்கள் டூல்ஸ் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கப்பலில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர் அடித்த ஆணி என்பது தெரிந்தது. ஒன்றுகூடச் சுலபமாக வரவில்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்த கீர்த்தி, "இன்னாம்மா, கதவு மேல இன்னா கோவம் உனுக்கு?" என்று கேட்டாள். கோபம் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் கடைசி ஆணிக்கு அவள்தான் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்தக் கடிதத்தை இன்று சாயங்காலம் ராயபுரத்தில் காலித் வீட்டில் கொடுத்துவிடுவேன். அவர் நாளை கொழும்புக்குப் போய், அங்கே காத்திருந்து உங்கள் கப்பலில் ஏறுகிறார். போன தடவை அவர் கையில் ஊறுகாய் கொடுத்தனுப்பினேன், இந்தத் தடவை காகிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நடுக்கடலில் உங்களுக்கு நெட் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம், கீர்த்தி ஒழுங்காகக் காலேஜ் போகிறாளா, கேஸ் வந்ததா என்பதற்கே சரியாகிவிடுகிறது. இது அந்த நேரத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கீர்த்திக்குச் சளி, காய்ச்சல் இல்லை. முன்னறை ஃபேன் மறுபடியும் முனகுகிறது. கன்டெய்னர் யார்டில் வேலை அதிகம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எனக்கு முதுகுவலி தேவலை. மற்றபடி நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் பிரஷர் மாத்திரையைக் கடல்மேல் நம்பிக்கை வைத்து விட்டுவிடாதீர்கள்.

இனி கால்வாய்.

நீங்கள் கிளம்பிய வாரத்திலேயே தூர்வார ஆள் வந்துவிட்டார்கள். மழைக்கு முன் சேற்றை எடுத்துவிட்டு, நம் மனுவைப் பார்த்து, கான்கிரீட் போட்டு மூடி மேலே ரோடு போடலாமா என்று முடிவு செய்வதாகச் சொன்னார்கள். நாளை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். தெரு சார்பில் மனுவை நான்தான் வாசிக்க வேண்டும். எழுதியதும் நான்தானே. 'எங்கள் தெருவின் பின்னால் ஓடும் குறுக்குக் கால்வாயை மூடி, ஆம்புலன்ஸ் வந்துபோகும் அளவுக்குச் சாலை அமைத்துத் தருமாறு' என்று தொடங்குகிற அந்த வரியை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். போன வாரம் நீங்கள் அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது: "மனுவ நல்லா சத்தமா படி ரமா. அம்மாவ நெனச்சிக்கினு படி." நான் அதற்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அன்றைக்கு அது உண்மைதான்.

தூர்வார வந்தது மிதக்கிற பொக்லைன். தண்ணீரில் நிற்கும், கரையிலும் ஏறும். ஓட்டுகிறவன் ரஞ்சித் என்று ஒரு பையன், காசிமேட்டில் படகுக்காரர்கள் வீடு. கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது என்றாலும் என் கண்ணுக்குப் பையன்தான். அவன் வாரிக் கொட்டியதைப் பார்க்கத் தெருவே பாலத்தில் நின்றது. மெத்தை, டயர், விநாயகரின் தும்பிக்கை, வாஷிங் மெஷினின் உள் டிரம், தொட்டில் கம்பி. ஒருநாள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'பாரி' என்று உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து! பக்கத்து வீட்டுக் கெங்கம்மா மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலமே அதிரச் சிரித்தாள். "எம்மே ரமா, உன் வூட்டுக்காரரு கப்பல்ல பூட்டாருன்னு பாத்தா, நாற்காலி முன்னாலயே பூட்டுகீது!" நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பழைய ஐஸ் பெட்டி வந்தது. அவள் சிரிப்பு நின்றது, என்னுடையது நிற்கவில்லை.

சேறு குறையக் குறையக் கரை தெரிய ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாம் கரை என்று நினைத்துக்கொண்டிருந்தது குப்பை மேடு. அதற்குள்ளே செங்கல் சுவர் இருக்கிறது. இரண்டு பக்கமும், ஒரே சீராக, கீழே போகப் போகக் கொஞ்சம் அகன்று. மெல்லிய செங்கல், இடையில் சுண்ணாம்பு. மேலே வரிசையாகக் கருங்கல் மூடுகற்கள். ரஞ்சித் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "இத்த கையால தோண்டி, கையால கட்னாங்களாக்கா? இந்தச் சேத்த வார்றதுக்கே என் வண்டிக்கு மூச்சு வாங்குது" என்றான்.

கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கிங்காம் கால்வாயிலிருந்து வியாசர்பாடிப் பக்கத்து ஓடைக்குப் படகு போவதற்காக இந்தக் குறுக்குக் கால்வாயை வெட்டினார்கள் என்றும், தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு வேளைக் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் வெட்டியது என்றும், அதில் உங்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள் என்றும் சொன்னீர்கள். எண்ணூர்ப் பக்கத்து உப்பையும் பழவேற்காட்டு விறகையும் ஏற்றி வரும் படகுகளை உங்கள் கொள்ளுத்தாத்தா தோளில் கயிறு போட்டு இழுத்தார் என்றும் சொன்னீர்கள். நான் அப்போது காலேஜ் முடித்த திமிரில், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றீர்கள். இந்தச் சாக்கடையில் படகா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு டீ ஆறுவதற்குள் நடந்துவிடலாம். இத்தனூண்டு கால்வாய்க்கு ஒரு வரலாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தினமும் யார்டிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாலத்தில் நின்று பார்க்கிறேன். சுவர் அவ்வளவு நேராக இருக்கிறது. பசியில் கை நடுங்கியிருக்குமே, எப்படி இவ்வளவு நேராக வைத்தார்கள்?

அடுத்து உங்கள் அம்மாவின் கரையாத்தா. நம் வீட்டுக்கும் கெங்கம்மா வீட்டுக்கும் இடைச்சந்தில், முழங்கால் உயரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் அப்பி நிற்குமே, அந்தக் கல். சுவரில் புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, வெள்ளிக்கிழமையானால் சத்தமில்லாமல் அதற்கும் அம்மா மஞ்சள் பூசுவார்கள். உங்கள் அப்பா, "ரெண்டு பக்கமும் சீட்டு போட்டு வெச்சிகிறியா பச்சையம்மா?" என்று கேலி செய்வார் என்று சொல்வீர்கள். அந்தக் கல்லைச் சுற்றி ரஞ்சித் குப்பையை எடுத்தான். எடுக்க எடுக்கக் கல் முடியவில்லை, கீழே போய்க்கொண்டே இருந்தது. கெங்கம்மா கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "ஐயையோ, ஆத்தாவுக்கு காலு கீதுடி!"

ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. உருண்டையான கருங்கல் தூண். அதன் இடுப்பைச் சுற்றிப் பள்ளம் பள்ளமாக வளையங்கள். நான் குனிந்து ஒரு பள்ளத்தில் விரலை வைத்தேன். விரல் முழுதாக உள்ளே போனது. வழவழவென்று, தினமும் அரைத்த அம்மி மாதிரி.

உங்களை ஒருமுறை துறைமுகத்தில் வழியனுப்பியபோது, கப்பலைக் கட்டும் இரும்புக் குற்றியில் கம்பி வடம் உராய்ந்து பளபளத்ததைக் காட்டினீர்களே. அதுதான் நினைவுக்கு வந்தது. இது படகு கட்டிய கல். இந்தப் பள்ளங்கள் கயிறு அறுத்தவை. இரும்பு வடம்கூட இல்லை, வெறும் நார்க்கயிறு. நார்க்கயிறு கருங்கல்லை விரல் ஆழத்துக்கு அறுக்க வேண்டுமானால் எத்தனை படகு வந்திருக்க வேண்டும், எத்தனை கை கட்டி அவிழ்த்திருக்க வேண்டும்? யோசித்துக்கொண்டே அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அதை வாய்விட்டுச் சொன்னதும் கெங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே பேசுற நீ? எங்க ஆத்தாவப் போயி படகு கட்ற கட்டைன்ற? கன்டெய்னர் ஆபீசுல ஒக்காந்து ஒக்காந்து உனுக்கு எல்லாமே கட்டையா தெரியுதா?" என்று போய்விட்டாள். ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். ரஞ்சித் போட்ட ஏணியில் இறங்கி, மேலே மட்டும் அல்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் விட்டு மஞ்சள் பூசினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "ராத்திரி பூரா ரோசன பண்ணேன். அத்தினி பேரும் இஸ்துகினு இஸ்துகினு வந்து இவகிட்டதான வுட்டாங்க? இவ ஒருத்தி நகராம நின்னு அத்தினி பாரத்தையும் புடிச்சிகினு இருந்துகிறா. அப்ப இவ ஆத்தா இல்லாம வேற இன்னா?"

அம்மா இருந்திருந்தால் அவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள், இன்னும் கொஞ்சம் மெதுவாக.

இதையெல்லாம்விட என்னை உலுக்கிய ஒன்று உண்டு. போன பௌர்ணமிக்கு மறுநாள், லீவு. பாலத்தில் நின்றிருந்தேன். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஜானட் என்ற இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். திருவொற்றியூர்ப் பெண், நல்ல மாதிரி, என்னை அக்கா என்பாள். இரண்டு முனையிலும் அடைப்பை எடுத்து முடித்திருந்தார்கள். யாரோ வீசிய சாமந்தி மாலை ஒன்று கிழக்கே பக்கிங்காம் கால்வாயை நோக்கிப் போனது. நாங்கள் மூடுகிற வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுக்கு நடுவில் பார்த்தால் அதே மாலை எங்களை நோக்கித் திரும்பி வருகிறது. பாலத்துக்கு அடியில் நுழைந்தது. ஓடி மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தேன். வெளியே வந்து, மேற்கே, ஓடைப் பக்கம் நிதானமாகப் போனது.

"கடல் ஏறுதுக்கா" என்றாள் ஜானட். எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறினால் பக்கிங்காம் கால்வாய் ஏறுகிறது, அது ஏறினால் நம் கால்வாய் திரும்பி ஓடுகிறது. அந்தப் பக்கம் நிறைந்தால் இந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும், இந்தப் பக்கம் நிறைந்தால் அந்தப் பக்கம் கொடுக்கும். படகுக்காக மட்டும் வெட்டியதில்லை போலிருக்கிறது. நமக்குப் பின்னாலேயே, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டிய இடத்தில், கடல் வந்து வந்து தட்டிவிட்டுப் போயிருக்கிறது. நாம்தான் அடைத்து வைத்திருந்தோம். நாற்றம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன், நாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாற்றத்துக்கு நடுவே ஒரு நிமிஷம் உப்புக் காற்று வந்தது.

மூடினால் என்ன ஆகும் என்று ஜானட்டைக் கேட்டேன். அவள் வரைபடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல ஒரே பக்கம் சரிவா, இதவிட குறுகலா ஒரு கான்கிரீட் பெட்டிதான்க்கா வரும். திரும்பி ஓடாது. உள்ள சேறு சேந்தா யாரு கண்ணுக்கும் தெரியாது. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க" என்றாள். அப்புறம், "நீங்க எல்லாரும்தான மூடச் சொல்லிக் கேக்கறீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

நம் வரிசை வீடுகளின் கடைசியில் இடிந்த ஷெட் ஒன்று இருந்ததே, அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில், கருங்கல் விளிம்பை ஒட்டி, செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய ஒரு பாதை தெரிந்தது. படகை இழுத்துக்கொண்டு ஆட்கள் நடந்த பாதை. பக்கிங்காம் கரையிலிருந்து பாலம் வரைக்கும் போயிருக்க வேண்டும். அகலமான பாதை. ஒரு லாரிகூடப் போகலாம் என்று ரஞ்சித் சொன்னான். ஷெட் இருந்த இடத்தைத் தாண்டியதும் அது கண்ணில் படவில்லை. வீடுகளுக்கு அடியில் போகிறதோ என்று சந்தேகம் வந்தது.

அதற்காகத்தான் இன்று காலை கதவைத் திறந்தேன். திறந்ததும் முதலில் தெரிந்தவை, பாலத்திலிருந்து பார்த்தால் தெரியாத படிகள். நம் பின்வாசல் என்று ஒற்றைக் கல் ஒன்று இருந்ததே, அம்மா உட்கார்ந்து மீன் கழுவுவார்களே, அது மேல்படி. அதற்குக் கீழே ஒவ்வொன்றாக இறங்கித் தண்ணீருக்குள் போகின்றன. எல்லாப் படிகளும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. நானும் கீர்த்தியும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு உள்ளே வந்து, சமையலறையில் சிலிண்டர் நிற்கும் மூலையில் விரிசல் விட்டிருந்த டைல்ஸை நெம்பி எடுத்தேன். கீழே மணலைத் தள்ளினேன். குத்துவாட்டில் அடுக்கிய செங்கல்.

கீர்த்தி அப்பா, நம் சமையலறை அந்தப் பாதையின் மேல் நிற்கிறது. கெங்கம்மா வீட்டுக் குளியலறையும் நிற்கிறது. நம் வரிசை முழுக்க, எல்லா வீட்டுப் பின்கட்டும் அதன் மேல்தான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் நான் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் நாம் என்ன செய்வோம்? அரிசி மூட்டையையும் கீர்த்தி புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போவோம். தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பின்கட்டு மேடு, தண்ணி ஏறாது என்று நமக்குத் தெரியும். ஏன் மேடு என்று ஒருத்தரும் ஒருநாளும் கேட்கவில்லை. கரை உயரம், அதன் மேல் போட்ட பாதை உயரம், அதனால் மேடு. அந்த டிசம்பர் வெள்ளத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, அவர்களை எங்கே படுக்க வைத்திருந்தோம்? சமையலறையில், காய்ந்த தரையில். அங்கிருந்து தூக்கி, முன்வாசல் வழியாக இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினோம். கெங்கம்மாவின் தெர்மாகோல் மீன் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் அம்மாவைப் படுக்க வைத்து, துணி காயப்போடும் கயிற்றை நீங்கள் தோளில் போட்டு இழுத்தீர்கள். ரயில்வே கேட் வரைக்கும். ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கயிறு அறுத்த தழும்பு உங்கள் இடது தோளில் இன்னும் இருக்கிறது. நீங்கள் தூங்கும்போது பார்த்திருக்கிறேன்.

உங்கள் கொள்ளுத்தாத்தா இழுத்தது காய்ந்த பாதையில். நீங்கள் தண்ணீரில் இழுத்தீர்கள். ஒரு ரோடு இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார்கள் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பிழைத்திருப்பார்களா, அது எனக்குத் தெரியாது. ரோடு இருந்தது. அம்மா அதன் மேல்தான் படுத்திருந்தார்கள்.

இதை உங்களிடமிருந்து மறைத்துவிடலாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். நாளைக்கு மனுவை வாசித்துவிட்டால், கான்கிரீட் போட்டுவிட்டால், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ரோடு வரும், ஒருத்தர் சமையலறையும் போகாது, நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் அடுத்த வெள்ளத்தில் உள்ளே சேறு சேர்ந்த பெட்டி எந்தப் பக்கமும் ஓடாது. தண்ணீர் தெருவில்தான் நிற்கும். அந்தத் தண்ணீரில் வேறு யாரோ ஒருத்தர் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு போவார். நமக்கு அன்றைக்குத் தெரியவில்லை, அதனால் நம்மை நாமே மன்னிக்கலாம். எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நாளை நான் அந்த மனுவை வாசிக்கப் போவதில்லை. கால்வாயைத் திறந்தே வையுங்கள், எங்கள் பின்கட்டுகளை நாங்களே இடித்துவிடுகிறோம், பாதையைத் திருப்பிக் கொடுங்கள், அதில் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கேட்கப் போகிறேன். கத்துவார்கள். கெங்கம்மா என் தலைமுடியைப் பிடித்தாலும் பிடிப்பாள். ஊரான் வீட்டு இடிப்புக்கு நீ யாரு என்று கேட்பார்கள், நியாயம்தான். அதனால் முதலில் நம் சமையலறை. உங்கள் முதல் கப்பல் சம்பளத்தில் அம்மாவுக்காகக் கட்டிய அறை, அம்மா உயரத்துக்கு அளந்து மேடை போட்ட அறை. அதை நாமே முதலில் இடிக்கிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உங்களிடம் வரும்போது சொல்லி முடித்திருப்பேன். உங்களைக் கேட்காமல் செய்கிறேன் என்பது தெரிந்துதான் செய்கிறேன். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், என்னால் அதை மீற முடியாமல் போகும்.

மேடைக் கல்லை மட்டும் உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்வேன். ஸ்டவ்வை முன்னறை ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், காலையில் அளந்து பார்த்துவிட்டேன்.

கப்பல் எந்தக் கடலில் போனாலும் தண்ணீர் உங்களை நல்லபடி ஏந்திக்கொள்ளட்டும். புத்தர் துணை. கோபம் வந்தால் அங்கேயே டெக்கில் நின்று தீர்த்துவிடுங்கள். தீரவில்லை என்றால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தத் தடவை வரும்போது முன்தெரு வழியாக வராதீர்கள். பாலத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி, கரைமேல் நடந்து வாருங்கள். நானும் கீர்த்தியும் மேல்படியில் உட்கார்ந்திருப்போம். தோளில் பை கனத்தால் கரையாத்தாவிடம் இறக்கி வைத்துவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

என்றும் உங்கள்,
ரமாபாய்